படியும் காப்பும்

மூலம் அழியினும் பொருள் அழியாதிருத்தற்குப் படியெடுத்து வைத்தல் தொன்றுதொட்டு வரும் முறையாகும். இன்றைய கணிப்பொறித் தரவு நிலையங்களும் இம்முறையையே மேற்கொண்டுள்ளன. ஆயின், படிகள் பலவாயிருத்தல் ஒன்றே காப்பாகுமா என்பது ஆராயத்தக்கது. இதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாக அமைகின்றன.

கி. பி. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தார் தம் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையால், ஜிமெயில் பயன்படுத்துவோர் சிலருடைய மடல்கள் மறைந்தன. பல நிலையங்களில் படிகள் இருந்தும் பயனில்லை. ஒரே மென்பொருளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையின் பிழை அவற்றையும் பற்றியது. இணைப்பின்றித் தனியே வைக்கப்பெற்றிருந்த காந்த நாடாக்களே மடல்களை மீட்டுத் தந்தன.

2021 டிசம்பரில் சப்பான் நாட்டுக் கியோட்டோப் பல்கலைக்கழக மீக்கணிப்பொறியில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. காப்புப் படியெடுக்கும் நிரல் இயங்கிக்கொண்டிருந்தபோதே, திருத்திய நிரலை அதன்மேல் எழுதினர். பழைய இயக்கப் பதிவுகளை நீக்குதற்குரிய கட்டளை ஆய்வாளர்தம் கோப்புகள்மேற் சென்றது. ஏறத்தாழ 77 டெராபைட் அளவான 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. இழப்புற்ற 14 ஆய்வுக் குழுக்களுள் 4 குழுக்களின் கோப்புகள் படியிலிருந்து மீட்க இயலாதன ஆயின. காக்க வந்த கருவியே அழிக்கும் கருவியாயிற்று.

ஒரே ஏட்டின் வழிவந்த படிகள் எத்துணை கிடைப்பினும் அவை ஒரு சான்றே என்பது பதிப்பாசிரியர் நன்கறிந்தது. அதுபோல, மூலத்தைத் தாக்கும் பிழை தீண்டாவண்ணம் பிரித்து வைக்கப்பெற்றதே காப்புப் படி எனத் துணியலாம்.