நீரோ மன்னனும் என் அப்பாவின் குரலும்

போன மாதம் அக்காவிடமிருந்து போன். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தேதி, மண்டபம், சமையல்காரர் எல்லாம் பேசி முடித்த பிறகு போனைப் பிடுங்கி அந்தப் பெண் கேட்டாள்: "மாமா, அம்மா கல்யாண வீடியோல தாத்தா பேசுவாராமே? அது உங்ககிட்டதான் இருக்குன்னு அம்மா சொல்றாங்க. அனுப்பி வைங்களேன்."

என்னிடம்தான் இருக்கிறது. அதாவது, இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1995-ல் கும்பகோணத்தில் நடந்த கல்யாணம் அது. மூன்று விஹெச்எஸ் கேசட். 2004-ல் ஊரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு விசிடியாக மாற்றினோம். 2007-ல் நான் நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், கேசட்டுகளை இங்கே கொண்டுவந்து, நானே கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடியாகப் போட்டேன். பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, "கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சுக் கிடக்கும்மா, தூக்கிப் போட்டுடறேன், அதான் டிவிடி போட்டாச்சே" என்றேன். போட்டும்விட்டேன். அப்பா 2011-ல் போய்ச் சேர்ந்தார்.

பரணிலிருந்து அந்த டிவிடியை எடுத்துப் போட்டால், கரகர என்று சுற்றுகிறது. அவ்வளவுதான். வெற்று வட்டு என்கிறது கம்ப்யூட்டர்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வங்கியில் இத்தனை வருடம் கடன் மனுக்களை எடைபோட்டவன், இன்ஸ்பெக்‌ஷனில் அடுத்தவர் தவறைப் பக்கம் பக்கமாக எழுதியவன், சொந்த வீட்டு விஷயத்தில் எங்கே கோட்டை விட்டேன் என்று யோசித்தேன். யோசனை அந்த வட்டு எழுதும் மென்பொருள்களின் சரித்திரத்துக்கே போய்விட்டது. பி.காம்காரன் எழுதும் சரித்திரம் இது. அந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஒரு காலத்தில் சிடியில் எழுதுவது பெரிய பணக்காரர்கள் சமாசாரம். பிலிப்ஸும் சோனியும் எழுதக்கூடிய சிடிக்கான விதிகளை 'ஆரஞ்சுப் புத்தகம்' என்ற பெயரில் வகுத்தன. வட்டைச் செய்து காட்டியது ஜப்பானின் தையோ யூடென், 1988-ல். 1995-ல் ஹெச்பி தன் 4020ஐ ரைட்டரை 1000 டாலருக்குள் கொண்டுவந்ததும்தான் மேஜைக் கம்ப்யூட்டர்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த நாள் ரைட்டர்களில் ஒரு பெரிய பயம் உண்டு. வட்டில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் அதைச் சுட்டுச் சுட்டு, சுழல் கோட்டில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் நிற்க முடியாது. கம்ப்யூட்டர் தரவை அனுப்பத் தாமதித்து, ரைட்டரின் தாற்காலிக நினைவகம் காலியாகிவிட்டால் அந்த வட்டு குப்பைதான். காப்பி டம்ளருக்கு அடியில் வைக்கலாம். அதனால் சிடி ரைட் ஆகும்போது வீட்டில் யாரும் மவுஸைத் தொடக்கூடாது. ஸ்கிரீன் சேவரை நிறுத்த வேண்டும். தம்பி பக்கத்தில் வந்தாலே அதட்டுவோம். கோயில் கருவறை மாதிரி ஒரு பவ்யம்!

இதற்கு மருந்து 2000-ல் வந்தது. சான்யோ நிறுவனம் 'பர்ன் ப்ரூஃப்' என்று ஒரு உத்தியைக் கொண்டுவந்தது. தரவு வரத் தாமதமானால் லேசர் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளும். தரவு வந்ததும் அதே இடத்திலிருந்து தொடரும். மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு டிக் கட்டம்தான். ஆனால் எத்தனை வட்டுகளைக் காப்பாற்றியது! சும்மா சொல்லக்கூடாது, அது உண்மையான புது வசதி.

இன்னொன்று ஜோலியட். 1988-ன் ஐஎஸ்ஓ 9660 விதிப்படி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் படிக்க வேண்டுமானால் கோப்பின் பெயர் எட்டு எழுத்து, அதன் பின்னே மூன்று எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. விண்டோஸ் 95 சமயத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஜோலியட், பெயரை 64 எழுத்துவரை நீட்டியது. யூனிகோடும் உண்டு. 'அக்கா கல்யாணம்' என்று தமிழிலேயே பெயர் வைக்க வழி பிறந்தது அதனால்தான்.

இப்போது நம் கதாநாயகன். ஜெர்மனியில் கார்ல்ஸ்பாட் என்ற ஊரிலிருந்த அஹெட் சாஃப்ட்வேர் 1997-ல் வெளியிட்டது 'நீரோ பர்னிங் ராம்'. ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்ற கதையை வைத்துச் செய்த சிலேடை. ஜெர்மன் மொழியில் ரோம் நகரத்தின் பெயரும் சிடி-ராமின் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றே. அதன் சின்னம் தீப்பிடித்த கொலோசியம். ஒரு வேடிக்கை: ரோம் எரிந்தது கி.பி. 64-ல், நீரோ செத்தது 68-ல். கொலோசியத்தைக் கட்ட ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான், வெஸ்பாசியன் காலத்தில். பாவம், இல்லாத கட்டடத்தைக் கொளுத்திய பழி நீரோ தலையில்!

அமெரிக்காவில் போட்டியாளர் ஈஸி சிடி கிரியேட்டர். அடாப்டெக் கம்பெனி அதை 2001-ல் ராக்ஸியோ என்று தனியாகப் பிரித்தது. அதே வருடம் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் சிடி எழுதும் வசதி உள்ளேயே இருந்தது. அந்த நுட்பம் ராக்ஸியோ உரிமத்தில் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். தான் விற்கும் சரக்கை அடுத்த கடைக்காரன் இலவசமாகக் கொடுக்கத் தானே ஏற்பாடு செய்தது போல. இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? புதிது புதிதாக வசதி சேர்க்க வேண்டும். கதை திரும்பிய இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

2003-ல் வந்த நீரோ 6-ல் வட்டு எழுதுவதோடு வீடியோ மாற்றுவது, டிவிடியை மறுசுருக்கம் செய்வது எல்லாம் சேர்ந்தன. 2005-ல் கம்பெனியே நீரோ ஏஜி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த வருடம் வந்த 7-ம் பதிப்பு ஒரு மளிகைக்கடை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, போட்டோ திருத்த, அட்டைப்படம் வரைய, எல்லாம் உண்டு. சிடி எழுதும் பொத்தானைத் தேட வேண்டியிருந்தது. சலித்துப் போனவர்களுக்கு, அதே 2005-ல் 'இம்க்பர்ன்' இலவசமாக வந்தது. எழுதும், சரிபார்க்கும், முடிந்ததும் ஒரு பாட்டு வாசிக்கும். அதன் 2.5.8 பதிப்பு 2013-ல் வந்தது. அதற்கப்புறம் புதுப் பதிப்பே இல்லை. இன்றும் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வீடியோ மாற்றும் பக்கத்திலும் இதே கதைதான். டிவிடி ஷ்ரிங்க் 2004-ல் நின்றுபோனது. 8.5 ஜிபி படத்தை 4.7 ஜிபி வட்டுக்குள் அடக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் செய்தது. (அந்த 4.7-ஐ கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். ஆயிரத்தால் பெருக்குவதா, 1024-ஆல் பெருக்குவதா என்ற வித்தியாசம். முதல் தடவை பார்த்தபோது கேஷ் குறைந்த மாதிரி பதறினேன்.) எரிக் பெட்டி என்பவர் 2003-ல் தொடங்கிய ஹேண்ட்பிரேக், 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2016 டிசம்பர் 24-ல். 13 வருடம்! நடுவில் வட்டெழுதும் கம்பெனிகள் எத்தனை எண்களைத் தாண்டிப் போயிருந்தன!

கடன் மனுவைப் பார்க்கும்போது எங்கள் பழைய மேனேஜர் ஒருவர் சொல்வார்: "எவ்வளவு லாபம் வரும்னு பார்ட்டியே சொல்லிடுவான். எங்க நஷ்டம் வரும்னு நீ கேளு." புது வசதிகளுக்கும் அதே கேள்விதான் சரி என்று இப்போது படுகிறது. இந்த வசதி எந்த நஷ்டத்தைத் தடுக்கிறது? பர்ன் ப்ரூஃப் வட்டு நஷ்டத்தைத் தடுத்தது. ஜோலியட் பெயர் நஷ்டத்தைத் தடுத்தது. அட்டைப்படம் வரையும் வசதி எதைத் தடுத்தது?

எல்லா மென்பொருளிலும் ஒரு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டம் ஒன்று உண்டு. 'எழுதிய பின் சரிபார்.' எழுதி முடித்த வட்டை முதலிலிருந்து படித்து, மூலத்தோடு ஒப்பிடும். அதற்கு எழுதும் நேரத்துக்குச் சமமான நேரம் ஆகும். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

2007-ல் நான் அந்தக் கட்டத்தில் டிக் போடவில்லை. 16 மடங்கு வேகத்தை வைத்தேன். மெனுவுக்குப் பின்னணியில் பூ விழுகிற மாதிரி அலங்காரம் செய்ய இரண்டு ராத்திரி செலவழித்தேன். எழுதியதும் முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, சரி என்று உள்ளே வைத்துவிட்டேன். அன்றைக்கே பழுதா, பதினெட்டு வருடப் பரண் சூட்டில் சாயம் போனதா, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. ஒரே பிரதி, சரிபார்க்காத பிரதி, மூலத்தை அழித்தாயிற்று. கிளையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் என் ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

மிச்சம் இருந்தது 2004-ன் விசிடிகள். மனைவி நினைவூட்டினாள், "அந்தப் பழைய பவுச்ச பாத்தீங்களா?" என்று. கீறலும் விரல் ரேகையுமாக இரண்டு வட்டு.

விசிடி ஒரு விசித்திரமான பிராணி. 1993-ல் வந்த 'வெள்ளைப் புத்தகம்' அதன் விதி. 352-க்கு 288 புள்ளி, எம்பெக்-1. சாதாரண சிடியில் ஒரு பிரிவுக்கு 2048 பைட் தரவு, மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தும் எண்கள். விசிடியின் வீடியோ பகுதியிலோ அந்தத் திருத்த எண்களைக் கழற்றிவிட்டு 2324 பைட் தரவை அடைத்தார்கள். ஒரு புள்ளி கெட்டால் என்ன, படம் நகர்ந்துவிடுமே என்ற தைரியம். அதனால்தான் கீறல் விழுந்த விசிடி, டிவியில் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொண்டே ஓடும். கம்ப்யூட்டரில் காப்பி செய்தால் மட்டும் பாதியில் பிழை என்று நிற்கும்.

ஆபீஸில் ஒரு தம்பியிடம் வெளியில் செருகும் டிவிடி டிரைவை இரவல் வாங்கினேன். இப்போதைய லேப்டாப்பில்தான் அந்தக் கதவே கிடையாதே. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக் குதித்து மீதியை எடுக்கும் மீட்பு மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். முதல் வட்டு பாதியோடு போயிற்று. முகூர்த்தம் போச்சு. இரண்டாவது வட்டு கிட்டத்தட்ட முழுதாக வந்தது. அதில் பந்தி.

அப்பா தோளில் துண்டோடு இலைகளுக்கு நடுவில் நடக்கிறார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்கிறது. குரல் மட்டும் சுத்தமாக இருக்கிறது. "ரசம் போட்டாச்சா இங்க? யாரும் அவசரப்பட வேணாம், நல்லா சாப்பிடுங்க." அவ்வளவுதான் பேசினார். நாற்பது செகண்ட் இருக்கும்.

அதை எம்பி4 ஆக்கி அக்கா மகளுக்கு அனுப்பினேன். அக்கா திரும்பக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "முகூர்த்தம் இல்லாட்டி பரவால்லடா" என்றாள். அந்த 'பரவால்ல' இன்னும் காதில் நிற்கிறது.

வட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இங்கே 2007-ல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று அதிரவைத்த மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போனது. எழுதும் சிடியைப் பெற்றெடுத்த தையோ யூடென் 2015-ல் அந்தத் தொழிலை விட்டது. எழுதக்கூடிய புளூ-ரே உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது. ஆனால் சரிபார்க்காத ஒற்றைப் பிரதி என்ற வியாதி வட்டோடு போகாது. பென் டிரைவுக்கும் போனுக்கும் அது பொருந்தும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பவுச் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். இரவல் டிரைவ் வாங்குங்கள். நகல் எடுத்த பிறகு முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்க்காதீர்கள். கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.