உப்பளத் தொழிலும் சிறுநீரக நோயும்: காரைக்கால் கடற்கரையை முன்வைத்து

1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலின் உப்பு வரலாறு இடையில் அறுபட்ட ஒன்று. 1815 மார்ச் 7 அன்று இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமையை ஆங்கிலேயருக்கு அளித்தது. 1818இல் அங்கு உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. தெற்கே வேதாரணியத்து உப்பளங்கள் நிலைத்தன. 1930 சத்தியாக்கிரகத்தால் வரலாற்றிலும் இடம்பெற்றன. வரியையும் உரிமையையும் விரிவாகப் பேசும் இவ்வரலாறுகள், உப்புப் பாத்தியில் வெயிலில் நின்றவரின் உடலைப் பற்றிப் பேசுவது குறைவு.

அதற்கான சான்று அண்மையில்தான் கிடைத்தது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017–2020இல் நடத்திய ஆய்வில், 7 விழுக்காட்டினரின் சிறுநீரக வடிகட்டுதிறன் குறைந்திருந்தது. ஒருமுறை அளந்த குறைவை நாட்பட்ட நோய் எனக் கொள்ள இயலாது. அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். ஆயினும், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத உழவரிடம் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், கரும்புத் தொழிலாளரிடம் எல் சால்வடோரிலும் கண்டறியப்பட்ட நோயை இது நினைவூட்டுகிறது.

வெயிலையும் இந்நோயையும் இணைக்கும் கண்ணியாக ஆக்சிஜனேற்ற அழுத்தம் கருதப்படுகிறது. எல்மூட் சீஸ் 1985இல் வரையறுத்த இக்கருத்து, உயிரணுவில் உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் அவற்றைத் தணிக்கும் ஆற்றலை விஞ்சும் நிலையைக் குறிக்கும். சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழல்களில் இழைமணிகள் மிகுதி. எனவே அவை எளிதில் ஊறுபடும். உடல் மீண்டும் மீண்டும் நீரிழக்கும்போது அங்கே குளுக்கோஸ் பிரக்டோஸாக மாறுகிறது. அது சிதையும்போது ஆற்றல் குன்றி, யூரிக் அமிலம் பெருகி, குழல்கள் சேதமடைகின்றன என விலங்காய்வுகள் காட்டின.

எனினும் கண்ணியைத் தோற்றுவாயாகக் கொள்வது பிழை. உடலின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைத் தூண்டும் பார்டாக்சலோன் மருந்தின் பெருஞ்சோதனை, இதயச் செயலிழப்பு மிகுந்ததால் 2012இல் கைவிடப்பட்டது. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களிலோ நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றுமே தடுப்பு முறையாக நடைமுறைக்கு வந்தன.

இங்கே காரைக்காலின் மற்றொரு வரலாறு பொருத்தமுடையதாகிறது. 19ஆம் நூற்றாண்டில் அத்துறைமுகத்திலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். கிரியாட்டினின் அளவிடப்படாத அக்காலத்தவருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று. அவர்தம் வேலைநேரம், குடிநீர், இறப்பு வயது ஆகியன குறித்த பதிவுகளைத் தொழிலாளர் வரலாற்றாசிரியரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து படிப்பதற்குத் தடையேதுமில்லை.