அளவுகோலும் ஏரிக்கரைப் பிள்ளைகளும்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கிறார்கள், 1613-ல் எழுந்த கெல்டிரியாக் கோட்டையின் கதையைக் கேட்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அந்த வியாபாரிகள் இங்கே துணியை அளந்து வாங்கிக் கப்பலேற்றினார்கள். துணியை அளப்பது பழைய வழக்கம். பிள்ளைகளின் தேக பலத்தை அளப்பதோ மிகவும் புதிய வழக்கம். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

அதற்கு வேகம் கொடுத்தது யுத்தம். 1899-ல் தொடங்கிய போயர் யுத்தத்துக்காகப் பட்டாளத்தில் சேர வந்த ஆங்கில இளைஞர்களில் பலர், உடல் தகுதியில்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாம்ராஜ்யம் திடுக்கிட்டது. 1904-ல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 1906-ல் பள்ளிச் சாப்பாட்டுக்கும், 1907-ல் பள்ளியில் வைத்தியப் பரிசோதனைக்கும் சட்டம் வந்தது. நோக்கம் எதுவாயினும், அளந்ததன் பலனாகப் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

அமெரிக்காவின் கதை வேறு. கிராஸ், வெபர் ஆகியோரின் பெயரால் வழங்கிய ஆறு எளிய சோதனைகளை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 1954-ல் வெளியான முடிவின்படி, 100-க்கு 58 பேர் ஒன்றிலாவது தவறினார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தவறியவர் 9 பேர்தாம். கார் ஏறிப் பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் குனிந்து தரையைத் தொட முடியவில்லை! 1956-ல் ஜனாதிபதி ஐசனோவர் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தார்.

நம் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தேகப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1959-60-ல் இந்திய சர்க்கார் ஓட்டம், தாண்டல், எறிதல் முதலியவற்றில் உடல் திறனைச் சோதிக்கும் தேசிய இயக்கத்தை ஆரம்பித்தது. 2019-ல் 'ஃபிட் இந்தியா' வந்தது. இன்று பள்ளிகளில் உயரம், எடை, 600 மீட்டர் ஓட்டம் என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இந்த அளவுகோலுடன் ஏரிக்கரைக்கு வருவோம். ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கோல் ஊன்றிப் படகு தள்ளும் குடும்பத்துப் பையனுக்குத் தேகப் பயிற்சி எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அது தவறு. உழைத்துக் களைப்பது வேறு, விளையாடி வளர்வது வேறு. மேலும், 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையெங்கும் ஃபைபர் படகும் எஞ்சினும் பெருகிவிட்டன. அமெரிக்கப் பிள்ளைக்குக் கார் செய்ததை நம் பிள்ளைக்கு எஞ்சின் செய்யாது என்று யார் சொல்ல முடியும்?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் யோசிக்கத்தக்கது. தினம் ஒரு மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் அவ்வளவும் அசையாதவர்கள், ஆண்களில் 100-க்கு 78 பேர். பெண்களில் 85 பேர். பெரியவளானதும் பாவாடையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்த்தி வைக்கிற வழக்கத்தை நம் ஊர்களில் பார்க்காதவர் யார்?

ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்ற முறையால் ஊராரே பங்கிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் முறை வைத்துக்கொள்ளும் நியாயமான ஏற்பாடு அது. ஆனால் அதில் பெண்ணுக்குப் பங்கில்லை. பள்ளி மைதானத்துக்கும் அப்படி ஒரு பாடு வைத்து, அதில் பெண் பிள்ளைகளுக்கும் முறை கொடுத்தால் என்ன?

பிள்ளைகளை அளக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எண்ணை ஏட்டில் எழுதியதோடு வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். எடை ஏறாத பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்க வேண்டும். ஓட முடியாத பெண்ணிடம், கடைசியாக எப்போது ஓடினாய் அம்மா என்று கேட்க வேண்டும்.