சங்கம் ஆதரவுக் கடிதம் கொடுக்கலாமா? கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்



சென்ற மாதக் கூட்டத்தில் இரண்டு கருத்துகள் மோதிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். தேர்தல் வருகிறது, நம் ஓட்டு மொத்தமும் ஒரே பக்கம் என்று சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்துவிட்டால் மழைநீர் வடிகாலும் வாசல் ரோடும் வந்துவிடும் என்றார்கள் சிலர். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், எந்தக் கட்சிக்காரரையும் கேட்டுக்குள் விடக் கூடாது என்றார்கள் வேறு சிலர். முடிவு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இந்த இரண்டு வழிகளையுமே தமிழ்நாட்டில் நமக்கு முன்னால் பலர் நடந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு நீங்கள் கை தூக்கினால் நல்லது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுபவராக இருந்தாலும் தயங்காமல் படிக்கலாம்.

கோட்டைக்காரர் கொடுத்த ஆதரவு

ஆரணிக்கு இது புதிய விஷயமே இல்லை. 1751-ல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள். ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ் மராத்தியக் குதிரைப்படையையும் சேர்த்துக்கொண்டு வந்து, சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பின் படையை நம் ஆரணியில் முறியடித்தார். அதைப் பார்த்ததும் ஆரணிக் கோட்டையின் தலைவர் முகமது அலி பக்கம் சாய்ந்துவிட்டார். ஆனால் கோட்டைச் சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஊர் மக்களை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு ஓட்டு நம் கையில் இருக்கிறது. ஜெயிக்கிறவர் பக்கம் முன்கூட்டியே நின்றுவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கையெழுத்து வாங்கியும் நிற்கவில்லை

"வாய் வார்த்தை வேண்டாம், எழுதி வாங்கிக்கொண்டு ஆதரவு கொடுப்போம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்காகத்தான் இந்தப் பகுதி. நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே நடந்தது இது.

1952-ல் முதல் பொதுத் தேர்தல். 1949-ல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. தன் கொள்கைகளுக்காகச் சட்டசபையில் குரல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்களை ஆதரிப்பது என்று முடிவு செய்தது. அப்படி ஆதரவு பெற்றவை இரண்டு கட்சிகள். ஒன்று நம் பக்கத்து மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. இன்னொன்று தென்னாற்காடு ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. காமன்வீல் 6 இடங்களிலும் உழைப்பாளர் கட்சி 19 இடங்களிலும் ஜெயித்தன.

அந்தத் தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சென்னை மாகாணச் சட்டசபையின் 375 இடங்களில் 152 தான் அதற்கு. ராஜாஜியைக் கவர்னர் மேலவைக்கு நியமித்து முதலமைச்சர் ஆக்கினார். காமன்வீல் கட்சி அவரை ஆதரித்தது, மாணிக்கவேலு நாயக்கர் வருவாய்த் துறை அமைச்சர் ஆனார். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் மந்திரி சபைக்குள் வந்தார். பிறகு இரண்டு கட்சிகளும் காங்கிரசிலேயே கரைந்தன. எந்தக் காங்கிரசை எதிர்த்து ஓட்டுக் கேட்டார்களோ அதே காங்கிரஸ்!

அவர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. தங்கள் மக்களுக்குப் பதவியும் பங்கும் கிடைக்க அதுதான் வழி என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நமக்கு வேண்டிய பாடம் வேறு. கையெழுத்து வாங்கியவர்களால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. தி.மு.க. அந்தப் பாடத்தைச் சீக்கிரமே கற்றுக்கொண்டது. 1957-ல் தானே தேர்தலில் நின்றது, 1967-ல் ஆட்சியையே பிடித்தது.

"இப்போதுதான் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். 1985-ல் வந்த அந்தச் சட்டம் உறுப்பினரை அவருடைய கட்சிக்குத்தான் கட்டிப்போடுகிறது. நமக்குக் கொடுத்த வாக்குறுதிக்கு அல்ல. கட்சி மாறினால் பதவி போகும். வடிகால் கட்டாவிட்டால் ஒன்றும் போகாது.

வங்கிக் கணக்கில் சொன்னால்

வங்கியில் வேலை பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு பில்லின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதைத்தான் எண்டார்ஸ்மென்ட் என்போம். 1881-ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, அந்த பில்லுக்குப் பணம் வராமல் திரும்பினால் எண்டார்ஸ் செய்தவரும் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பு வேண்டாம் என்றால் "சான்ஸ் ரிகோர்ஸ்", அதாவது என்னிடம் திரும்பி வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதிய பில்லைக் கண்டால் கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்.

அரசியலில் கொடுக்கப்படும் ஆதரவு அறிக்கைகள் எல்லாமே சான்ஸ் ரிகோர்ஸ்தான். ஆதரித்தவரிடம் போய் யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் சங்கத்தின் பெயருக்கு அந்த வசதி கிடையாது. நாம் ஆதரித்தவர் ஏமாற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் நம்மைத்தான் கேட்பார்.

பெரியவர்களும் இடம் மாறினார்கள்

காசுக்கும் பதவிக்கும் ஆசைப்படுபவர்கள்தான் மாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் என்று ஊரே ஒப்புக்கொண்டவர்களும் ஆதரவை மாற்றியிருக்கிறார்கள்.

பெரியார் 1952-ல் காங்கிரசை எதிர்த்தார், கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார். 1954-க்குப் பிறகு காமராஜருக்காகக் காங்கிரசை ஆதரித்தார். 1967-லும் காங்கிரசுக்குத்தான் ஓட்டுக் கேட்டார். காங்கிரஸ் தோற்றது. ஜெயித்த அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அதன் பிறகு பெரியாரின் ஆதரவு தி.மு.க. ஆட்சிக்கு.

ராஜாஜி 1952-ல் கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்தவர். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-ல் தி.மு.க. அணியில் சேர்ந்தார். அதே அணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. நான்கே வருடத்தில், 1971-ல், தாம் ஜெயிக்க வைத்த தி.மு.க.வை எதிர்த்து, அதுவரை எதிர்த்துவந்த காமராஜரோடு கைகோத்தார். அந்தத் தடவை தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது.

இருவருக்கும் அவரவர் காரணங்கள் இருந்தன. அந்தந்த நேரத்தில் எது பெரிய ஆபத்து என்று பட்டதோ அதை எதிர்த்தார்கள். ஆகவே ஆதரவு என்பது அந்த நேரத்து நிலவரம்தான், நிரந்தரச் சான்றிதழ் அல்ல. அவர்களுக்காவது மனம் மாறினால் மறுநாளே அறிக்கை விட முடிந்தது. நம் சங்கம் லெட்டர்பேடில் கொடுத்ததை யாரிடம் போய்த் திரும்ப வாங்கும்?

ஒரே நடிகர், மூன்று முடிவுகள்

1996-ல் ரஜினிகாந்த் தி.மு.க. – த.மா.கா. கூட்டணியை ஆதரித்துப் பேசினார். அந்த அணி 234-ல் 221 இடங்களைப் பிடித்தது. அவர் குரல்தான் ஆட்சியை மாற்றியது என்று டீக்கடைதோறும் பேச்சு. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் அதே அணியை அவர் மறுபடி ஆதரித்தார். எதிரணி 39-ல் 30 இடங்களில் ஜெயித்தது. 2004-ல் பா.ம.க.வைத் தோற்கடிக்கச் சொன்னார். பா.ம.க. தமிழ்நாட்டில் 5, புதுச்சேரியில் 1 என்று நின்ற எல்லா இடங்களிலும் ஜெயித்தது.

காற்று ஏற்கெனவே அடிக்கும் பக்கம் குரல் கொடுத்தால் குரலுக்குப் பலம் இருப்பது போலத் தெரிகிறது. காற்று மாறும்போது உண்மை தெரிந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய நடிகருக்கே இந்த நிலை என்றால் நம் குடியிருப்பின் லெட்டர்பேடு எம்மாத்திரம்?

யாரையும் நம்ப மாட்டோம் என்றவர்கள்

இனி இரண்டாவது கட்சி. யாருமே வேண்டாம் என்பவர்கள்.

1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் ஆளாளுக்கு வேட்புமனு போட்டார்கள். ஒரே சட்டசபைத் தொகுதிக்கு 1,033 வேட்பாளர்கள். தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

கடைசியில் ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது தம் ஓட்டையே தமக்குப் போட்டுக்கொள்ளவில்லை. 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு. அரசாங்கம் உடனடியாகச் செய்தது என்ன தெரியுமா? சட்டசபைக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. சுயேச்சை மனுவுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றது. கோபம் நியாயமானதுதான். ஆனால் எளியவர்கள் தேர்தலில் நிற்கும் செலவு அதனால் இருபது மடங்கு ஏறிவிட்டது.

அடுத்தது நோட்டா. முன்பெல்லாம் யாருக்கும் ஓட்டு இல்லை என்றால் 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ரகசியம் அங்கேயே போய்விடும். 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இயந்திரத்திலேயே பட்டன் வைக்கச் சொன்னது. அந்த டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் நம் மாநிலத்துக்கு முதல்முறையாக நோட்டா வந்தது, மூன்றாம் இடத்தையும் பிடித்தது. ஆனால் நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தவர். மனக்குறையைப் பதிவு செய்யலாம், சாக்கடையைச் சுத்தம் செய்ய அதனால் முடியாது.

கைத்தறிக்காக இரு தரப்பும் வந்த காலம்

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் நெசவாளர் ஊரில் இருக்கும் நமக்கு நெருக்கமான உதாரணம்.

1952, 53-ல் நூலும் விற்பனையும் இல்லாமல் தமிழ்நாட்டு நெசவாளர்கள் பட்டினி கிடந்தார்கள். முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியிடம் வாதாடினார். அவரைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்த அண்ணாவும் அவர் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். மற்ற எல்லா விஷயத்திலும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் தறிக்காரர் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். மில்களின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு வந்தது. 1953-ல் மில் துணிக்குக் கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட ஒரு சட்டம் வந்தது. 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்தது.

நெசவாளர் கஷ்டம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தறிச் சத்தம் குறைந்துபோன தெருக்களை நீங்களும் பார்க்கிறீர்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கே முன்னால் நின்றது ஒரு வேட்பாளரின் பெயர் இல்லை, ஒரு கோரிக்கை. அதனால்தான் எதிரெதிர் தரப்பினர் இருவரும் அதைத் தூக்கிக்கொள்ள முடிந்தது.

ஆகவே நான் முன்வைப்பது

முதலாவது, சங்கம் யாருக்கும் ஆதரவுக் கடிதம் கொடுக்க வேண்டாம். ஆரணி நாடாளுமன்றத் தொகுதி உருவான பிறகு 2009, 2019-ல் காங்கிரஸ், 2014-ல் அ.தி.மு.க., 2024-ல் தி.மு.க. ஜெயித்திருக்கின்றன. இப்படி மாறும் ஊரில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் வாசலில் எப்படி நிற்பது? தவிர, நம் வீடுகளில் எல்லாக் கட்சிக்கும் ஓட்டு இருக்கிறது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் எழுதிக் கொடுக்க முடியாது. வாக்கு ரகசியம் என்பது அதற்குத்தான்.

இரண்டாவது, யாருக்கும் கேட்டைச் சாத்தவும் வேண்டாம். எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கடிதம், ஒரே கேள்விகள், ஒரே நேர அளவு. வடிகாலும் தெரு ரோடும் நகராட்சி வேலை. எம்.எல்.ஏ.வாக வர இருப்பவரிடம் அதற்கு நிதி பெற்றுத் தருவாரா, எந்தத் திட்டத்தில் என்று கேட்போம். பதிலை அப்படியே இந்தச் செய்திமடலில் போடுவோம். பதில் தராதவர் பெயருக்கு எதிரே "பதில் இல்லை" என்று போடுவோம். அடுத்த தேர்தல்வரை அது பதிவாக இருக்கும்.

மூன்றாவது, வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். கடன் கேட்டு வருபவரின் கணக்கைப் பார்க்காமல் எந்த வங்கியும் பணம் கொடுக்காது. ஐந்து வருட அதிகாரத்தைக் கேட்பவரின் கணக்கை நாம் பார்க்க வேண்டாமா? அச்சிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நான்காவது, நம் காம்பவுண்ட் சுவரில் யார் கொடியோ போஸ்டரோ வைப்பதற்கும் உரிமையாளர் அனுமதி வேண்டும் என்கின்றன தேர்தல் நடத்தை விதிகள். எந்தக் கட்சிக்கும் அனுமதி இல்லை என்று ஒரே தீர்மானம் போட்டால் வாட்ச்மேனுக்கு நிம்மதி.

அரசியல்வாதிகளைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. கேஷ் கவுன்ட்டரில் இருந்தவன் யாருடைய கட்டையும் எண்ணாமல் வாங்க மாட்டான். அதற்காக கவுன்ட்டரை மூடிவிட்டும் போக மாட்டான். உங்கள் கருத்து வேறாக இருந்தால் பொதுக்குழுவில் தாராளமாகச் சொல்லுங்கள். அடுத்த இதழில் எழுதியும் அனுப்பலாம்.

– உங்களில் ஒருவன், வங்கி எழுத்தர் (ஓய்வு), ஆரணி