இமாம் கஸ்ஸாலி (ரஹ்) துறந்த பதவியும் நம் பிள்ளைகளின் பட்டமும்

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1095இல், பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்த அமர்ந்த ஓர் ஆசிரியருக்கு நா எழவில்லை. உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டனர். அந்த ஆசிரியர் இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். முன்னூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்று வந்தனர். அந்த ஆண்டிலேயே, மக்காவுக்குச் செல்வதாகக் கூறிவிட்டு, பதவியைத் துறந்து ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்டார்கள்.

உயர்கல்வி எதற்காக என்ற கேள்வியோடு நிற்கும் இன்றைய பெற்றோர் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னர் கல்வி பெரும்பாலும் பள்ளிவாசல் தூண்களின் அருகிலும் அறிஞர்களின் இல்லங்களிலும் நடந்தது. ஒரு நூலை முழுமையாகக் கற்ற மாணவருக்கு அதைப் பிறருக்குக் கற்பிக்க ஆசிரியரே 'இஜாஸா' வழங்கினார். அதில் ஆசிரியரின் பெயரும் நம்பிக்கையும் இருந்தன. ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் 1067இல் பக்தாதில் திறந்த நிஜாமிய்யா, வக்ஃப் வருமானத்திலிருந்து ஆசிரியருக்கு ஊதியமும் மாணவருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் அளித்தது. ஏழை மாணவனுக்கு அது பேருதவி. ஆனால் அரசின் ஆதரவோடு பதவியும் புகழும் கல்விக்கூடத்தினுள் நுழைந்தன.

தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே கேட்டபோது கிடைத்த விடைதான் இமாமவர்களை வெளியேற்றியது. இதை அவர்களே பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார்கள். ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை. சுமார் 11 ஆண்டுகளுக்குப் பின், 1106இல், நைஸாபூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தார்கள். அதே வகைக் கூடம், அதே பணி, நிய்யத் மாறியிருந்தது.

கல்விக்கூடங்களின் வடிவம் அதன் பின்னரும் மாறிக்கொண்டே வந்தது. கெய்ரோவில் 972இல் தொழுகைக்குத் திறக்கப்பட்ட அல்அஸ்ஹரில், பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் ஆசிரியரைச் சுற்றி வட்டமாக அமர்ந்தே கற்றனர். 1872இல் அங்கே ஆலிம் தகுதிக்கு முறையான தேர்வு வந்தது. 1961இல் எகிப்து அரசு இயற்றிய சட்டம் மருத்துவம், பொறியியல், விவசாயம் ஆகிய துறைகளையும் பெண்களுக்கான கல்லூரியையும் அங்கே கொண்டுவந்தது. மார்க்கக் கல்வி கற்றவர் மருத்துவராகவும் ஆகலாம் என்ற கதவு திறந்தது. அதே சட்டம் அரசின் பிடியையும் இறுக்கியது. வரவும் இழப்பும் சேர்ந்தே வந்தன.

ஐரோப்பாவிலும் மாற்றம் நிகழ்ந்தது. பாதிரிமாரையும் வழக்கறிஞரையும் மருத்துவரையும் உருவாக்கிவந்த பல்கலைக்கழகம், 1810இல் பெர்லினில் தொடங்கப்பட்டபோது ஆய்வையும் தன் கடமையாக்கிக்கொண்டது. இன்றோ உலகெங்கும் வேலைவாய்ப்பே அதன் அளவுகோலாகிவருகிறது.

ஹலாலான சம்பாத்தியத்துக்காகக் கற்பது குற்றமன்று, அது கடமையும்கூட. தாயின் நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் குடும்பத்திடம் வேலையைப் பற்றி நினைக்காதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் வேலை ஒன்றே நோக்கமானால், அந்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கும் நாளில் பட்டத்தின் மதிப்பும் போய்விடும். தகவலைக் கைபேசியே தந்துவிடும் காலத்தில், பல்கலைக்கழகத்தில் எஞ்சி நிற்கப்போவது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவும், ஒழுக்கமும், உண்மையைத் தேடும் பொறுமையுமே. இஜாஸா முறை காத்துவந்ததும் இவற்றைத்தான்.

எனவே பிள்ளையைச் சேர்க்கும்போது, எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், யாரிடம் கற்பான், கற்றதைக் கொண்டு யாருக்குப் பயன்படுவான் என்றும் வீட்டில் பேசுவோம். பயனளிக்காத கல்வியிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். அந்த துஆவை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் தூய நிய்யத்தையும் வழங்குவானாக! ஆமீன்.