செகண்ட் என்றால் மட்டமா?

செகண்ட் ஹேண்ட் பைக், செகண்ட் கிளாஸ் டிக்கெட், செகண்ட்ஸ் சேல்... செகண்ட் என்றாலே நமக்கு ஒரு படி மட்டம்தான். பாவம், அந்த வார்த்தை என்ன தப்பு செய்தது?

ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள். ஃபோர் - ஃபோர்த், சிக்ஸ் - சிக்ஸ்த். அப்பா ஜாடை பிள்ளையிடம் அப்படியே இருக்கிறது. ஆனால் 'டூ'வுக்கும் 'செகண்ட்'டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காரணம், அது இரவல் சரக்கு. பழைய ஆங்கிலத்தில் 'இரண்டாவது' என்பதற்கும் 'இன்னொன்று' என்பதற்கும் 'அதர்' என்ற ஒரே சொல்தான். குழப்பம் வராதா? 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வார்த்தைகள் கூட்டம் கூட்டமாக நுழைந்தன. அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான் செகண்ட்.

அதன் பூர்வீகம் லத்தீன். அங்கே 'செகுண்டுஸ்' என்றால் பின்தொடர்ந்து வருவது. கப்பலைப் பின்னாலிருந்து தள்ளும் சாதகமான காற்றுக்கும் ரோமானியர்கள் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மட்டம் எங்கே வந்தது?

கடிகார செகண்டும் இதே குடும்பம்தான். மணியை 60 ஆகப் பிரித்தால் நிமிடம். அது முதல் கூறு. நிமிடத்தை மறுபடி 60 ஆகப் பிரித்தால் 'இரண்டாவது கூறு'. நாளடைவில் கூறு உதிர்ந்துபோய் 'இரண்டாவது' மட்டும் நின்றுவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் இன்னும் நுணுக்கம். 'இரண்டாவது' என்பதற்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். மூன்றாவதும் உண்டென்றால் 'தூஸியெம்', இரண்டோடு கதை முடிந்தது என்றால் 'ஸகோன்' என்று அங்கே இலக்கணம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். பேச்சில் எல்லோரும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டோடு முடிந்த கதை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் ரோட்டில், புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் தவளக்குப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1947 ஆகஸ்ட் 15-ல் இந்தியா விடுதலை அடைந்தபோது அந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் கூடாது என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது.

முடிந்ததா? இல்லை. சட்டப்படி அது இன்னும் பிரெஞ்சு மண்தான்! 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால், அதற்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டுமே! அது கிடைத்து, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. விடுதலையின் இரண்டாவது நாள் அது.

வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்றோடு இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே நீடிக்க விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த அண்ணன் பிரெஞ்சுக்காரர், கொடுக்காத தம்பி இந்தியர் என்று ஒரே வீட்டுக்குள்ளேயே நாடு பிரிய வழி இருந்தது. புதுச்சேரியில் இன்றைக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பதற்கு, அந்த ஆறு மாதத்தில் தாத்தா கொடுத்த ஒரு தாளும் காரணம்.

முதல் நாள் ஆட்சியை மாற்றியது. யார் எந்த நாட்டுக்காரர் என்பதைத் தீர்மானித்தது, பின்னால் வந்த அந்த செகண்ட் நாள்தான்!