வாக்குப்பதிவு நாள் விடுமுறை: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி

வாக்குப்பதிவு நாள் விடுமுறை என்பது மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல் நாளில் அரசு அலுவலகங்களுக்கு விடப்படும் பொது விடுமுறையையும், தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் தரப்படும் விடுப்பையும் குறிக்கும். இவை இரண்டும் வெவ்வேறு சட்டங்களிலிருந்து வந்தவை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் ஒரு மாநிலத்தில் வாக்கும் இன்னொரு மாநிலத்தில் வேலையும் உள்ளவர்கள் பலர். அதனால் இந்த விடுமுறையின் பயனும் அதன் குறைகளும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

தொடக்கம்

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை கட்டம் கட்டமாக நடந்தபோது, ஓசூர் சென்னை மாநிலத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஓசூரை உள்ளடக்கி 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் உருவாயின. தேர்தல்களில் பள்ளிகளும் அரசுக் கட்டடங்களுமே வாக்குச்சாவடிகள். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமே வாக்குச்சாவடி அலுவலர்கள். ஆகவே வாக்குரிமையைக் காப்பதற்கு மட்டுமன்றி, தேர்தலை நடத்துவதற்கும் அலுவலகங்களை மூட வேண்டியிருந்தது.

அரசு விடுமுறையின் சட்ட அடிப்படை

இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம், 1881இன் 25ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படுகிறது. புரோநோட்டு, உண்டியல் போன்றவற்றின் தவணை விடுமுறை நாளில் முடிந்தால் பணம் எந்த நாளில் தரப்பட வேண்டும் என்பதை வரையறுக்கும் பிரிவு இது. வங்கிகள் மூடப்படுவதற்கு இந்த அறிவிப்பு தேவை. பொது விடுமுறை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு 1957இல் மாநில அரசுகளுக்கு அளித்தது. 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் மக்களவைத் தேர்தல் நடந்தபோது அறிவிக்கப்பட்ட பொது விடுமுறையும் இந்தச் சட்டத்தின்படி வந்ததே.

1996 திருத்தம்

சிப்காட் தொழில் வளாகம் அமைந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற ஆலைகள் வந்ததும் ஓசூர் ஷிப்ட் முறையில் இயங்கும் ஊராயிற்று. அரசு அலுவலகத்துக்கு விடப்படும் விடுமுறை ஆலைத் தொழிலாளியைத் தானாகச் சென்று சேர்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே 1996இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இல் 135ஆ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, வணிகம், தொழிற்சாலை உள்ளிட்ட எந்த நிறுவனத்தில் வேலை செய்தாலும் வாக்காளருக்கு வாக்குப்பதிவு நாளில் விடுப்பு தர வேண்டும், சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது, தினக்கூலித் தொழிலாளிக்கும் அந்த நாளின் கூலியைக் கொடுக்க வேண்டும். வேலைக்கு வராவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரக்கூடிய பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் ரூ.500 வரை.

எல்லையின் சிக்கல்

தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே நாளில் வாக்களிப்பது அரிது. 2014இல் கர்நாடகம் ஏப்ரல் 17இலும் தமிழ்நாடு ஏப்ரல் 24இலும் வாக்களித்தன. 2019 ஏப்ரல் 18 விதிவிலக்காக அமைந்தது: அன்று தமிழ்நாடும் பெங்களூரு தொகுதிகளும் சேர்ந்தே வாக்களித்தன, ஓசூர் சட்டப்பேரவை இடைத்தேர்தலும் அதே நாளில் நடந்தது. 2024இல் பெங்களூருவின் முறை ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26இல் வந்தது.

எல்லையிலுள்ள ஜுஜுவாடியைக் கடந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி எனத் தினமும் வேலைக்குச் செல்லும் ஓசூர்க்காரருக்குத் தமிழ்நாட்டுத் தேர்தல் நாள் அங்கே வழக்கமான வேலை நாள். கர்நாடகத்திலிருந்து ஓசூர் ஆலைக்கு வருபவருக்கும் அவருடைய தேர்தலின்போது இதே நிலைதான். சட்டத்தில் இதற்கு வழியுண்டு. தொகுதிக்கு வெளியே வேலை செய்யும் வாக்காளருக்கும், தற்காலிகத் தொழிலாளி உட்பட, சம்பளத்துடன் விடுப்பு உண்டு எனத் தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர் என்றால், வேறு தொகுதியில் வாக்கிருந்தாலும் சிறப்புத் தற்செயல் விடுப்பு பெறலாம் என 2001ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. நிரந்தர ஊழியர் இந்த உரிமையைக் கேட்டு வாங்கிவிடலாம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பதே உறுதியில்லாதபோது, கேட்பதே கடினம். ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கோ ஒரு நாள் விடுப்பு பயணத்துக்கே போதாது.

விடுமுறையில் வேலை செய்வோர்

தேர்தல் பணிக்கு அழைக்கப்பட்ட அரசு ஊழியருக்கு அது ஆண்டின் மிக நீண்ட வேலை நாள். முந்தைய நாளே வாக்குப்பதிவு இயந்திரத்துடன் சாவடிக்குச் சென்று இரவு தங்கி, விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மாலை வரை வாக்குப்பதிவை நடத்தி, இயந்திரங்களை ஒப்படைக்கும்போது நள்ளிரவாகிவிடும். தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிகளில் பயணமும் சேர்ந்துகொள்கிறது. இவர்கள் வாக்களிக்க அஞ்சல் வாக்கும், பணிபுரியும் சாவடி தம் தொகுதிக்குள் இருந்தால் அங்கேயே வாக்களிக்க உதவும் தேர்தல் பணிச் சான்றும் உண்டு. பயிற்சி நடக்கும் வசதி மையத்திலேயே அஞ்சல் வாக்கைச் செலுத்தும் முறை 2023ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் உறுதியாயிற்று.

பிற நாடுகள்

சிங்கப்பூரில் வாக்குப்பதிவு நாள் பொது விடுமுறை. மலேசியா 2018இல் புதன்கிழமை தேர்தல் வைத்தபோது எழுந்த எதிர்ப்பால் அன்று பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1845 முதல் செவ்வாய்க்கிழமையே அதிபர் தேர்தல் நாள் என்றாலும், அது நாடு தழுவிய விடுமுறை அன்று.

மதிப்பீடு

விடுமுறை மட்டுமே மக்களைச் சாவடிக்குக் கொண்டுவந்துவிடாது. 2024இல் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் விடுமுறை விடப்பட்டும், தருமபுரியில் 81.20 சதவீதமும் மத்திய சென்னையில் 53.96 சதவீதமும் வாக்குகள் பதிவாயின. அதற்காக விடுமுறை வீண் என்று முடிவுகட்ட முடியாது. வீட்டில் இருக்கும் வாய்ப்புள்ளவர் வாக்களிக்காதது அவருடைய விருப்பம். ஆலையில் நிற்க வேண்டியவரால் வாக்களிக்க முடியாமற்போவது அவர்மீது இழைக்கப்படும் அநீதி. 135ஆ பிரிவு உள்ளாட்சித் தேர்தலைத் தொடவில்லை. 2022 பிப்ரவரி 19இல் ஓசூர் மாநகராட்சி தன் முதல் தேர்தலைச் சந்தித்தபோதும் அதன் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ரூ.500 அபராதம் இன்று எந்த ஆலைக்கும் ஒரு பொருட்டல்ல. அபராதத்தை உயர்த்துவதும், உள்ளாட்சித் தேர்தலைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதும், அண்டை மாநிலத் தேர்தல் நாளில் எல்லை மாவட்ட ஆலைகளுக்கு இரு அரசுகளும் சேர்ந்து முன்கூட்டியே அறிவிப்பு அனுப்புவதும் செய்தாக வேண்டியவை. அரசு ஊழியருக்கு ஓர் ஆணையால் கிடைத்துவிடும் உரிமை, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதே உறுதியோடு கிடைக்க வேண்டும்.